ஒரு பூஜ்யம்

தில்லியில் பாலம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆற்றின் மேல் கட்டும் பாலம் அல்ல. இடத்தின் பெயரே பாலம். அங்கே விமானப்படை அருங்காட்சியகம் உள்ளது. 1967-இல் தொடங்கியது. பழைய போர் விமானங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நாட். 1965-ஆம் ஆண்டுப் போரில் பறந்த வகை. மிகச் சிறிய விமானம். இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அளந்தால் சுமார் 22 அடிதான்.

இந்த நாட் விமானத்தைப் பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவுக்கும் செய்கிறார்கள். 72-இல் ஒரு பங்கு. உண்மை விமானத்தில் 72 சென்டிமீட்டர் என்றால் இதில் 1 சென்டிமீட்டர். இதற்கு மாதிரி என்று பெயர்.

மாதிரியின் உடல் இரண்டு பாதிகளாக வரும். புளியங்கொட்டையைப் பிளந்தது போல இருக்கும். இரண்டையும் பசையால் ஒட்ட வேண்டும். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் நடுவில் ஒரு கோடு தெரியும். இறக்கை சேரும் இடத்தில் சந்து விழும். அதை அடைக்கத்தான் பட்டி. சுவருக்கும் காருக்கும் பட்டி பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே வேலைதான். அளவுதான் சிறியது.

தில்லியில் ஒரு மாதிரிப் பட்டறை. சேலத்துப் பையன் ஒருவன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். மூத்த தொழிலாளியும் தமிழர். அவர் சொல்லிக் கொடுத்தார்.

"தம்பி, பட்டியை மொத்தமாக அப்பாதே. மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். காயக் காயப் பட்டி சுருங்கும். நாளைக்குப் பார்த்தால் அங்கே பள்ளம் இருக்கும்."

"அப்போ எப்படி அண்ணே?"

"மெல்லிசாக ஒரு தடவை. நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு தடவை. தில்லிக் குளிரில் ஒரு நாள் கூடுதலாகவே விடு."

சந்தின் இரு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னார். பட்டி வேறு இடத்தில் படாது. தின்னரைக் கண்டபடி தொடக் கூடாது என்றார். அது பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். அதன் வாடையும் கெடுதல். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது.

காய்ந்த பட்டியை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தாளின் பின்புறம் எண் அச்சிட்டிருக்கும். எண் கூடினால் தாள் நைசாக இருக்கும். 120 முரடு. 400 நடுத்தரம். 1200 மிக நைசு. வாட்டர் பேப்பர் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். தூசி பறக்காது, மூக்கில் ஏறாது.

ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் ஒரு நாட் மாதிரி கேட்டிருந்தார். பேரனுக்காக. மறுநாள் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். பையன் கடைசித் தேய்ப்புக்குத் தாள் எடுத்தான். 1200 என்று நினைத்துத்தான் எடுத்தான். நாலு இழுப்பு இழுத்தான். இறக்கை முழுவதும் கீறல்!

பின்புறம் திருப்பிப் பார்த்தார்கள். 120 என்றுதான் இருந்தது. பெரிய தாளைத் துண்டு போட்டபோது இந்தத் துண்டு 1200 கட்டோடு கலந்துவிட்டது. ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கடைசிப் பூஜ்யம் வெட்டில் போயிருக்கும் என்று பையன் எண்ணிவிட்டான்.

"எண் சந்தேகமாக இருந்தால் விரலால் தடவிப் பார்த்திருக்கலாமே தம்பி!"

"அவசரத்தில் செய்துவிட்டேன் அண்ணே."

அவர் திட்டவில்லை. இறக்கையில் செதுக்கிய மெல்லிய கோடுகள் சில அழிந்திருந்தன. அதுதான் அவருக்கு வருத்தம். பட்டி போட்டால் கீறல் மறையும். கோடு திரும்பி வராது. அதை ஊசி முனையால் மறுபடி கீற வேண்டும்.

மீண்டும் மெல்லிசாகப் பட்டி. ஓர் இரவு காயவிட்டார்கள். பிறகு 400, அப்புறம் 600, கடைசியில் 1200. மேலே பிரைமர் அடித்தார்கள். கண்ணுக்குத் தப்பிய பள்ளத்தைப் பிரைமர் காட்டிக் கொடுக்கும். இரண்டு இடங்களில் காட்டியது. அவற்றையும் அடைத்தார்கள்.

வாங்க வந்தவர் மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது.

இப்போது அந்தப் பையன் தாளை வெட்டும் முன்பே பேனாவை எடுக்கிறான். எத்தனை துண்டு வருமோ அத்தனை இடத்திலும் எண்ணை முழுதாக எழுதுகிறான். அதன் பிறகுதான் கத்தரிக்கோல்.