ஒரு திர்ஹம் ஓலை

தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவற்றின் சட்டங்களை ஆர்வத்துடன் கேட்டறியும் நம்மவர்களில் பலர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஓலை முடையும் வேலைக்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று எண்ணி விடுகின்றனர். கைத்தொழில் ஏழையின் தலையெழுத்து என்று கருதுவோரும் உண்டு. வீட்டில் பெண்கள் எதையேனும் பின்னிக் கொண்டிருந்தால், பொழுது போகாமல் செய்கிறார்கள் என்று ஏளனமாகப் பேசுவோரும் உண்டு. இந்த இரண்டு எண்ணங்களும் மார்க்கத்தை அறியாததால் வந்தவை. கைத்தொழிலுக்கு இஸ்லாத்தில் உள்ள மதிப்பையும், அதையொட்டி நாம் பேண வேண்டிய சில மஸ்அலாக்களையும் இங்கே பார்ப்போம்.

நபிமார்களின் கரங்கள்

ஹஜ்ரத் நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கண்காணிப்பில் தம் கையாலேயே கப்பல் கட்டினார்கள் என்று ஹூது அத்தியாயம் கூறுகிறது. ஹஜ்ரத் ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ். ஹஜ்ரத் தாவூத் (அலை) அவர்களோ நபியாகவும் அரசராகவும் இருந்தவர்கள். அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாகவும், கவசம் செய்யக் கற்றுக் கொடுத்ததாகவும், அதன் வளையங்களை அளவாகக் கோக்கும்படி பணித்ததாகவும் ஸபா அத்தியாயத்திலும் அன்பியா அத்தியாயத்திலும் அல்லாஹ் கூறுகின்றான். கவசத்தின் வளையங்கள் அளவாக இருக்க வேண்டும் என்று வேதமே சொல்கிறதென்றால், வேலையில் நேர்த்தி வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையா?

ஒருவர் உண்ணும் உணவில், தம் கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்தது இல்லை என்றும், தாவூத் நபி அவ்வாறே உண்டு வந்தார்கள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அரண்மனையும் கருவூலமும் இருந்த ஒருவர் கவசம் செய்து விற்றுச் சாப்பிட வேண்டிய அவசியம் என்ன? வயிற்றுக்கு வழியில்லாமல் அவர்கள் அதைச் செய்யவில்லை. கையுழைப்பில் உள்ள பரக்கத்தை நாடியே செய்தார்கள்.

ஆளுநர் முடைந்த ஓலை

நமக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சி ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றில் உள்ளது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், பாரசீகத்தின் பழைய தலைநகரான மதாயினுக்கு அவர்கள் ஆளுநராக இருந்தார்கள். பைத்துல் மாலிலிருந்து தமக்கு வரும் தொகையைத் தருமம் செய்து விட்டு, பேரீச்ச ஓலை முடைந்து அந்த வருமானத்தில் வாழ்ந்தார்கள். அவர்களது கணக்கு எளிமையானது. ஒரு திர்ஹத்துக்கு ஓலை வாங்குவார்கள். முடைந்து முடித்ததை மூன்று திர்ஹத்துக்கு விற்பார்கள். ஒரு திர்ஹம் மறுபடியும் ஓலை வாங்க, ஒரு திர்ஹம் குடும்பச் செலவுக்கு, ஒரு திர்ஹம் ஸதகாவுக்கு. கலீபாவே தடுத்தாலும் இதை விடப் போவதில்லை என்றும் அவர்கள் கூறியதாக இப்னு ஸஅத் (ரஹ்) தமது ‘தபகாத்’ நூலில் எழுதுகிறார்கள்.

இந்த மூன்று பங்கைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். முதலைக் கரைத்துச் சாப்பிடவில்லை, அதனால் தொழில் நிற்கவில்லை. குடும்பத்தைப் பட்டினி போட்டு விட்டுத் தருமம் செய்யவில்லை. குடும்பத்துக்கே போதவில்லை என்று ஸதகாவை நிறுத்தவும் இல்லை. பெரிய பெரிய வியாபாரிகளுக்குக் கைகூடாத ஒழுங்கு, ஓலை முடைந்த ஒரு ஸஹாபியின் கையில் இருந்தது.

நமது மாவட்டத்தில்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓலைக்குப் பஞ்சமில்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் என நீளும் கடற்கரைப் பகுதியிலும் உள்நாட்டுக் கிராமங்களிலும் பனை மரம் நிற்கிறது. நம் நன்னிமார்கள் குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, பெட்டியும் கொட்டானும் தடுக்கும் விசிறியும் முடைந்தார்கள். சில இழைகளைக் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து, வெள்ளை ஓலைக்கு நடுவே கோத்து அழகு செய்தார்கள். தானியம் போட ஒரு பெட்டி, வெற்றிலைக்கு ஒரு சிறு பெட்டி, பண்டம் கொடுத்தனுப்ப ஒரு கொட்டான் என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அளவு இருந்தது.

ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னங்கீற்று முடைவது பெண்களின் கைவேலை. மட்டையை நீரில் ஊறவைத்து, நடுவே இரண்டாகப் பிளந்து, இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஓர் இரவில் தோப்புக்காரரின் வருமானம் போனதைப் போலவே, கீற்று முடைந்து வந்த பெண்களின் சிறு வருமானமும் போயிற்று. பனைகளோ பெரும்பாலும் நின்றன. ரிஜ்கின் ஒரு வாசல் அடைபடும்போது அல்லாஹ் மறு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறான். ஆனால் அந்த வாசலில் நுழையக் கையில் தொழில் இருக்க வேண்டுமல்லவா? நன்னிக்குத் தெரிந்தது மகளுக்குப் பாதி தெரிகிறது. பேத்திக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிளாஸ்டிக் கூடையும் பிளாஸ்டிக் பாயும் மலிவாக வந்ததும் கைகள் ஓய்ந்து விட்டன.

பேணிக் காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையைப் பாருங்கள். அங்கே முஸ்லிம் லெப்பைக் குடும்பத்தினர் கோரைப் புல்லைக் கீறி, ஊறவைத்து, உலர்த்தி, பட்டுத் துணி போல மடிக்கத்தக்க பாய் நெய்கின்றனர். 1953 இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அவ்வூர்ப் பாய் அனுப்பப்பட்டது. பத்தமடைப் பாயும், நமது அண்டையிலுள்ள செட்டிநாட்டின் கொட்டானும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை.

நீண்ட கரம்

பெண்கள் வீட்டிலிருந்து கைத்தொழில் செய்வது நமது அன்னையரின் வழிமுறையே. தமக்குப் பின் தம்மை வந்து சேரும் முதல் மனைவி நீண்ட கரம் உடையவரே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள். உம்முல் முஃமினீன்கள் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20 இல் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் வபாத்தானபோதுதான் அதன் கருத்து விளங்கிற்று. ஏனெனில் அவர்கள் தம் கையால் வேலை செய்து, அந்த வருமானத்தைத் தருமம் செய்து வந்தவர்கள். தோல் பதனிட்டுத் தைப்பது அவர்களது தொழில். முழக்கோலால் அளக்கும் நீளம் அல்ல, கொடுக்கும் நீளமே அங்கே குறிக்கப்பட்டது என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இன்னொரு பெண்மணி தாமே நெய்த கரை போட்ட போர்வையைக் கொண்டு வந்து நபி (ஸல்) அவர்களுக்கு அளித்தார். தேவையும் இருந்ததால் நாயகம் அதை ஏற்று அணிந்தார்கள். ஒரு தோழர் அதைக் கேட்க, உடனே கொடுத்து விட்டார்கள். அத்தோழர் அதைத் தமது கபனாக்க நாடியே கேட்டிருந்தார். அவ்வாறே ஆயிற்று என்று ஸஹ்ல் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கைவேலை, நபியின் திருமேனியைத் தொட்டு, ஒரு ஸஹாபியின் கபனாகவும் ஆனது.

சம்பாத்தியம் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் நம் சமூகம் பெரும் தவறு செய்கிறது. ஒரு பெண் நாள் முழுதும் கீற்று முடைகிறாள், அல்லது கீரமங்கலம் சந்தைக்குச் செல்லும் பூவைத் தொடுத்துக் கொடுக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். மாலையில் வியாபாரி தரும் பணத்தைக் கணவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார். அவள் கேட்டால், வீட்டுச் செலவுக்குத்தானே என்கிறார். இது கூடுமா?

கூடாது. ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 32 ஆவது வசனம் தெளிவாகக் கூறுகிறது. மனைவியின் உழைப்புக் கூலி மனைவியின் சொத்து. அவள் சம்பாதிக்கிறாள் என்பதால் உணவும் உடையும் உறைவிடமும் கொடுக்கும் கடமை கணவனை விட்டு நீங்கி விடாது. அவள் மனமுவந்து கொடுத்தால் அது வேறு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவழிப்பது தருமமாகுமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலி, தருமத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். கணவருக்குக் கொடுப்பது ஸதகா என்றாலே, அந்தப் பணம் அவருடையது அல்ல என்பது விளங்குகிறதே! தம் பணத்தைத் தமக்கே யாராவது ஸதகா செய்வார்களா?

கூலி பேசும் முறை

வேலை கொடுக்கும் வியாபாரிகளும் கவனிக்க வேண்டும். ஓலையை வியாபாரி கொடுத்து, முடைந்து தரும்படி சொன்னால் அது இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம். எத்தனை பெட்டி, என்ன அளவு, ஒன்றுக்கு என்ன கூலி என்பவற்றை முன்பே பேசி விட வேண்டும். வேலை முடிந்த பிறகு, விற்றதும் பார்த்துத் தருகிறேன் என்பது சரியல்ல. முடைபவரே தம் ஓலையில் செய்து தரும்படி ஒப்பந்தம் செய்தால், அதை இஸ்திஸ்னாஃ என்ற பெயரில் ஹனபி மத்ஹபு அனுமதிக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் அது ஸலம் என்ற முன்பண வியாபாரமாக அமைய வேண்டும். ஒப்பந்தம் பேசும் இடத்திலேயே விலை முழுதும் கொடுக்கப்பட வேண்டும். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இதை அறிந்து கொள்வது நல்லது.

வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்பது ஹதீஸ் குத்ஸி. திண்ணையில் இருக்கும் பெண் கடைக்கு வந்து சண்டை போட மாட்டாள் என்ற தைரியத்தில் கூலியைக் குறைப்பவர், அந்த வழக்கில் யார் எதிரே நிற்கப் போகிறான் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

சில மஸ்அலாக்கள்

நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச ஓலையில் முடைந்த ‘கும்ரா’ என்னும் சிறு விரிப்பில் தொழுததாக அன்னை மைமூனா (ரலி) அறிவிக்கிறார்கள். எனவே நம் ஓலைத் தடுக்கில் தொழுவதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. மெத்தென்ற முஸல்லாவுக்கு உள்ள தகுதி அதற்கும் உண்டு.

வேலைப்பாடு மிகுந்த விரிப்பில் தொழுகை கூடும். ஆனால் கவனத்தைக் கலைத்தால் வேறொன்றை விரிப்பது சிறப்பு. கோடுகள் போட்ட ஓர் ஆடை தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால் அதை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதே இதற்கு ஆதாரம்.

பாயிலும் துணியிலும் மயில், கிளி போன்ற உயிருள்ளவற்றின் உருவங்களைப் பின்னுவதைத் தவிர்க்க வேண்டும். உருவம் வரைவதே தம் பிழைப்பு என்று கூறி வந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழி காட்டினார்கள். கொடி, பூ, கட்டம், நட்சத்திரம் என அழகுக்கு இடம் நிறையவே உண்டு.

பத்தமடைப் பாயின் உயர்ந்த வகைகளில் நெடுக்கு இழையாகப் பருத்தி நூலோ பட்டு நூலோ இடப்படும். குறுக்கே செல்வது கோரை. நெடுக்கு இழை பட்டாகவும் ஊடு இழை வேறாகவும் இருந்தால் ஹனபிகளிடம் கூடும். ஷாபிஈகளிடம் எடையில் பட்டு மிகைக்கக் கூடாது. கோரையே எடையில் மிகைக்கும் பாயில் தடையில்லை. ஆகவே ஆண்களும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

இல்லத்து எளிய இன்பங்கள்

ஆஷூரா நோன்பு நோற்ற சிறு பிள்ளைகள் பசியால் அழும்போது, மதீனத்துத் தாய்மார்கள் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் வரை அவர்களை மகிழ்வித்ததாக ருபய்யிஃ (ரலி) அறிவிக்கிறார்கள். சிறு வயதில் ஆயிஷா (ரலி) அவர்களிடம் பொம்மைகள் இருந்தன. அவற்றுள் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்ட நாயகம் அது என்ன என்று கேட்க, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று அவர்கள் பதில் சொல்ல, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குப் பெருமானார் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. கந்தல் துணியில் செய்த ஒரு பொம்மை, இறைத்தூதரின் இல்லத்தில் இவ்வளவு மகிழ்ச்சியைத் தந்தது!

நம்மிடமும் ஓலைக் கிலுகிலுப்பை இருந்தது, காற்றாடி இருந்தது, நுங்கு வண்டி இருந்தது. இன்று பிள்ளை அழுதால் கைப்பேசியைக் கொடுத்து விடுகிறோம். பிள்ளை அமைதியாகிறது, உண்மைதான். ஆனால் ஓலைக் காற்றாடி செய்து கொடுக்கும் அத்தாவின் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், கேள்வி கேட்கும், ஒரு ஸூராவைக் கூட அந்த நேரத்தில் சொல்லிக் கொடுத்து விடலாம். கைப்பேசியைக் கொடுத்த வீட்டில் அத்தா ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை.

ஆண்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். வீட்டில் நாயகம் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) கூறினார்கள். தம் செருப்பைத் தைத்ததும், துணிக்கு ஒட்டுப் போட்டதும் வேறு அறிவிப்புகளில் உள்ளன.

முலைக்கா (ரலி) என்ற மூதாட்டி உணவு சமைத்து நபி (ஸல்) அவர்களை அழைத்தார். உண்டு முடித்ததும், உங்களுக்குத் தொழ வைக்கிறேன் என்று நாயகம் எழுந்தார்கள். பழகிப் பழகிக் கறுத்துப் போன ஒரு பாயை எடுத்து அனஸ் (ரலி) தண்ணீர் தெளித்தார்கள். அதன் மீது நாயகம் நிற்க, பின்னால் அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும், அவர்களுக்குப் பின்னால் மூதாட்டியும் நின்று இரண்டு ரக்அத் தொழுதார்கள். ஒரு வேளை உணவு, ஒரு பழைய பாய், இரண்டு ரக்அத். அந்த வீட்டுக்கு அன்று என்ன குறை இருந்தது?

எனவே தாய்மார்களே, உங்களுக்குத் தெரிந்த கைவேலையை இந்த விடுமுறையிலேயே மகளுக்கும் பேத்திக்கும் கற்றுக் கொடுங்கள். ஹலாலான உழைப்பு, பிறருக்குப் பயன் என்ற நிய்யத்தோடு செய்யுங்கள். வணக்கத்தின் கூலி அதில் உண்டு. ஜமாஅத் நிர்வாகிகளே, பள்ளிவாசலுக்கும் நிக்காஹ் வைபவத்துக்கும் தேவைப்படும் தடுக்கையும் விசிறியையும் தட்டையும் பிளாஸ்டிக்கில் வாங்காமல் ஊர்ப் பெண்களிடம் கூலி பேசி வாங்குங்கள். சம்பாதிக்கும் சகோதரிகளே, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் மூன்று பங்குக் கணக்கை மறந்து விடாதீர்கள்.

நம் கைகளை ஹலாலில் உழைப்பவையாகவும், ஸதகாவில் நீண்டவையாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.