பரணில் ஜப்பான் வாள் இருக்கிறதா? செலவில்லாமல் பார்த்துக்கொள்ளச் சில குறிப்புகள்

பர்மாவிலும் மலேயாவிலும் போர் பார்த்துவிட்டு வந்த தாத்தாக்கள் நம்ம பக்கம் உண்டு. திருத்தங்கலில் எங்க வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டியோடு ஒரு ஜப்பான் வாளும் கிடந்தது. அதைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் கெடுத்தது கொஞ்சம், பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது நிறைய. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், அல்லது ஒன்றிரண்டு சேர்க்க ஆசை இருந்தால், இவை கைகொடுக்கும்.

1. வாளை இறக்கியதும் பளபளப்பாக்கக் கை பரபரக்கும், வேண்டாம். புளி, சாம்பல், உப்புத்தாள், பித்தளைப் பாலிஷ் எதுவும் கிட்டே போகக்கூடாது. எங்க அப்பத்தா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்ததில், முனைப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு, வாயோரம் ஓடும் அலைக்கோடே மங்கிவிட்டது. அதைத் திரும்ப வரவழைக்க ஜப்பானில் தீட்டுகிறவர்கள் அங்குலக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள்; பல வாள்களுக்கு வாள் விலையைவிடக் கூலி அதிகம்.

2. ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமத்தை வாளில் வைக்காமல் அது படுத்திருக்கும் பலகையில் வையுங்கள். முனையில் எலுமிச்சம்பழம் குத்துவது வேண்டவே வேண்டாம். ஒரே ராத்திரிப் புளிப்பில் எஃகில் கறை விழுந்துவிடும்.

3. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தால் அருவாமனையை மட்டும் கொடுங்கள். சுழலும் கல்லின் சூட்டில் வாளின் வாய்ப்பதம் இறங்கிவிடும், உருவமும் போய்விடும். இது எதையும் வெட்டப்போவதில்லை, கூர் எதற்கு?

4. பிடிக்குள் செருகியிருக்கும் காம்புதான் வாளின் பிறப்புச் சான்றிதழ்; ஜப்பான்காரர்கள் அதை நகாகோ என்பார்கள். செய்தவர் பெயர், தேதி, முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். அதில் ஏறியிருக்கும் கரும்பழுப்புத் துருவைப் பார்த்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். அதைச் சுரண்டவும் வேண்டாம், எண்ணெய் பூசவும் வேண்டாம். துரு உதிர்ந்தால் மதிப்பும் சேர்ந்து உதிரும்.

5. பிடியைக் கழற்றச் சுத்தியலும் இரும்பு ஆணியும் எடுக்காதீர்கள். பிடியில் இருக்கும் மூங்கில் ஆணி ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் குச்சியை வைத்து மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். வரவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுங்கள். உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும்.

6. கைக்காப்பு வட்டின் இருபுறமும் மெல்லிய பித்தளைத் தகடுகள் நாலைந்து வரும். கழற்றக் கழற்ற அதே வரிசையில் ஒரு நூலில் கோத்துவிடுங்கள். வரிசை மாறினால் வாள் ஆடும். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்தால் மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டாம்.

7. நம்ம ஊரில் சின்னச் சாமான் எதுவென்றாலும் காலித் தீப்பெட்டியில் போடுவோம். ஆனால் இந்த ஆணி, தகடுகளுக்குத் தீப்பெட்டி ஆகாது. உரசும் பட்டையில் இருக்கும் சிவப்பு பாஸ்பரஸ் ஈரத்தை இழுத்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கழுவிக் காயவைத்த மாத்திரை டப்பா போதும்.

8. இனி, கையால் அடித்ததா, ஆலையில் செய்ததா என்று கண்டுபிடிக்கிற வேலை. வாள் அலகில், காப்பு வட்டுக்குச் சற்று மேலே, எண் குத்தியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் 1935ல் வந்த சார்ஜன்ட் வாள். மெஷினில் செய்தது, நீளப் பள்ளமும் ஓடும். அலுமினியத்தில் வார்த்துப் பெயின்ட் அடித்த பிடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். சரித்திரம் அதற்கும் உண்டு, வீசிவிடாதீர்கள். கைவேலை வாளுக்கான விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

9. எண்பது வருஷம் கழித்தும் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னினால், கடற்படை வாளா என்று பாருங்கள். கடல் காற்றுக்காகவே துருவேறாத எஃகில் அவற்றைச் செய்தார்கள். காம்பில் நங்கூர முத்திரை இருக்கும். பார்க்க அழகு, பராமரிப்பு மிச்சம், ஆனால் பழைய முறையில் அடித்தது அல்ல.

10. காம்பில் மிளகு அளவில் ஒரு முத்திரை இருந்தால் அதுவே பாதி விடை. செகி ஊர் முத்திரையும், ‘ஷோ’ என்ற எழுத்து முத்திரையும் பழைய முறையில் செய்யாத வாள்களுக்குக் குத்தியவை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் மகிழலாம்: ராணுவம் தேர்ந்தெடுத்த கொல்லருக்குத் தமஹாகனே எஃகு கொடுத்து அடிக்கச் சொன்ன வாள் அது. இரும்பு மணலையும் கரியையும் மண் உலையில் நாள்கணக்கில் எரித்து எடுப்பது அந்த எஃகு.

11. தேதி படிக்க ஜப்பான் மொழி வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அத்தனை படுக்கைக் கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. எட்டு என்பது கூரை மாதிரி விலகிய இரண்டு கோடுகள். கூட்டல் குறிக்குக் கீழே கூரை இருந்தால் ஷோவா என்கிற பேரரசர் காலக் கணக்கில் 18ஆம் ஆண்டு. அதோடு 1925ஐக் கூட்டுங்கள், 1943 வந்துவிடும்.

12. மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். அந்த மாதங்களைப் பொறிப்பது கொல்லர்களின் பழைய வழக்கம்.

13. கொல்லர் பெயர் ‘யாசு’ என்று தொடங்கினால் யாரிடமாவது காட்டாமல் விடாதீர்கள். டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்திலேயே 1933 முதல் 1945 வரை ஒரு கொல்லுப்பட்டறை நடந்தது; அங்கிருந்து சுமார் 8,100 வாள்கள் வெளிவந்தன. அந்தப் பட்டறைக் கொல்லர்கள் அந்த எழுத்தில்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதே எழுத்தில் வேறு கொல்லர்களும் உண்டு, அதனால் படிக்கத் தெரிந்தவர் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

14. சின்ன வயசில் காசு மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே விளையாட்டுத்தான் எழுத்தைப் படியெடுக்கும் வழியும். மெல்லிய பேப்பரைக் காம்பின் மேல் போர்த்தி, மெதுப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து துல்லியமாக விழும். ஜப்பானில் இதை ஓஷிகதா என்று ஒரு கலையாகவே செய்கிறார்கள். சிவகாசியில் பேப்பர் துண்டுக்கா பஞ்சம்! வெட்டிப் போட்டதிலேயே நல்லதாகக் கிடைக்கும்.

15. வாயோரம் ஓடும் அலைக்கோட்டை டியூப் லைட்டில் தேடினால் தெரியாது. அறையை இருட்டாக்கி, ஒரு குண்டு பல்பு அல்லது செல்போன் டார்ச்சை மட்டும் வைத்து, வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான கோடு பனிமூட்டம் மாதிரி உள்ளிருந்து எழும். அமிலத்தில் வரைந்தது சுண்ணாம்புக் கோடு மாதிரி மேலாகவே நிற்கும்.

16. அச்சகத்தில் கலர் புள்ளி பார்க்கிற லென்ஸை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். தண்ணீரில் துவைச்சல் கொடுத்த வாளில் கோட்டோரம் நுண்ணிய மின்மினிப் பொடி தெரியும். உடம்பில் மரத்தின் ரேகை மாதிரி மடிப்பு ஓடும். எண்ணெயில் துவைச்சல் கொடுத்ததில் அந்தப் பொடி மிகக் குறைவு, அலையின் உச்சிகளில் கருப்புப் புள்ளிகளும் தட்டுப்படும். போர்க்காலத்தில் அவசரத்துக்கு எண்ணெய்தான் கைகொடுத்தது. தண்ணீரில் முக்கினால் சில அலகுகள் வெடித்துப்போகும், எண்ணெயில் அந்தச் சேதாரம் குறைவு.

17. இதெல்லாம் புரிய ஒரு சுலபவழி சொல்கிறேன். திருப்பாச்சேத்திப் பக்கம் போனால் அரிவாள் அடிக்கிற பட்டறையில் அரைமணி நேரம் நில்லுங்கள். வாய் கெட்டியாகவும் முதுகு நெகிழ்ந்தும் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் கணக்கு. ஜப்பான் கொல்லர் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசித் தண்ணீரில் முக்குகிறார். வாய் சட்டென்று குளிர்ந்து இறுகுகிறது, முதுகு நிதானமாகக் குளிர்கிறது, அந்த இழுபறியில்தான் வாளின் வளைவே வருகிறது. இந்த ஒன்றைப் பார்த்தபிறகு எங்க வீட்டு வாளை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

18. ‘ரயில் வாள்’ என்று ஒருவர் விற்றால் கேலி என்று நினைக்காதீர்கள். மஞ்சூரியா ரயில் கம்பெனியின் ஆலையில், கடுங்குளிரிலும் உடையாத வாள் வேண்டும் என்று செய்தவை அவை. முழுக்கப் பழைய முறை அல்ல, ஆனாலும் உறுதியானவை. சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.

19. ராணுவ உறைக்குள் எப்போதும் ராணுவ வாளே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல அதிகாரிகள் குடும்பத்துப் பழைய வாளுக்குப் புதுப் பிடி போட்டு எடுத்துப்போனார்கள். காம்பில் பிடியின் ஓட்டையோடு பொருந்தாத வேறு ஓட்டைகள் இருந்தால், அலகு சில நூறு வருஷம் மூத்ததாக இருக்கலாம்.

20. எண்ணெய்க்கு வருவோம். விருதுநகர்க்காரர்களுக்கு நல்லெண்ணெய் மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாவட்டத்தில் பிசினாகிக் கறுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

21. ஜப்பானில் இதற்குக் கிராம்பு வாசனை எண்ணெய் விற்கிறார்கள் என்று கேட்டு, பல்வலிக்கு வைக்கும் கிராம்பு எண்ணெயைப் பூசிவிடாதீர்கள். அங்கே இப்போது விற்பது லேசான மினரல் எண்ணெய், கிராம்பு பேருக்குத்தான்.

22. மூன்று சொட்டு போதும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் விட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்து ஒரே போக்கில் இழுங்கள். வழிகிற அளவு பூசினால் உறைக்குள் இருக்கும் மரம் குடித்து அழுக்கைச் சேர்க்கும். பிசுக்காகிப்போன பழைய எண்ணெயை எடுக்க ஆப்செட் பிரஸ்காரர்கள் ஐ.பி.ஏ. என்கிற ஸ்பிரிட் ஒரு மூடி வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி உட்காருங்கள்.

23. நம்ம கரிசல் வெயிலுக்கு அடிக்கடி பூச வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை, நடுவில் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் போதும்.

24. பட்டாசு ஆலையிலிருந்து வந்த கையோடு வாளைத் தொடாதீர்கள், குளித்துவிட்டு வாருங்கள். வெடியுப்புத் தூள் ஈரம் இழுக்கும், கந்தகம் செம்பையும் பித்தளையையும் கறுக்க வைக்கும். தீபாவளிப் புகை நாட்களில் வாள் பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும்.

25. உருவும்போது வாய் மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உறையின் மரத்தைச் சீவாது. அலகை விரலால் தடவிப் பார்க்கும் விருந்தாளி எல்லா வீட்டுக்கும் வருவார். முதலிலேயே ஒரு துணியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வியர்வை ரேகை அப்படியே துருவாகப் பதியும்.

26. புதுச் செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பீரோவில் போடுங்கள். தோல் பையிலோ ஸ்பாஞ்சிலோ சுற்றாதீர்கள், பழைய பருத்திப் புடவை மேல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

27. பிடியில் தொங்கும் குஞ்சம் அழுக்காக இருக்கிறது என்று சோப்பில் ஊறவைக்காதீர்கள். நீலமும் பழுப்பும் என்றால் லெப்டினன்ட், கேப்டன்; சிவப்பும் பழுப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. மடிப்பை விலக்கிப் பார்த்தால் வெளுக்காத நிறம் தெரியும்.

28. வாங்கும்போது ஒரே விதி: பிடியைக் கழற்றிக் காட்டாதவரிடம் பேரம் பேசாதீர்கள். காம்புத் துரு ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டினால், அது நேற்று வரவழைத்த துரு. முதலில் பணத்தைப் புத்தகத்தில் போடுங்கள்; ஜான் யுமோட்டோவின் 1958ஆம் வருஷக் கையேடும், புல்லர், கிரெகரி இருவரின் ராணுவ வாள் புத்தகமும் பழசாகக் கிடைத்தாலும் நல்லது. ஹைதராபாத் போனால் சாலார் ஜங் மியூசியத்தில் ஜப்பான் வாள்களைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள்.

29. 1959 ஆயுதச் சட்டப்படி வாளும் ஆயுதம்தான். அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் வேண்டும். வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், வாளைத் தூக்கிக்கொண்டு போகாமல் படத்தைக் காட்டுங்கள். நூறு வயது தாண்டியதற்கு 1972 தொல்பொருள் சட்டமும் உண்டு, அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1934ல் செய்த வாள்கள் 2034ல் அந்தக் கணக்கில் சேரும், பில்லையும் படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

30. பிறந்தநாள் கேக் வெட்ட, மாப்பிள்ளை போட்டோவுக்கு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்த செய்தி நம்ம மாநிலத்தில் எத்தனை பார்த்தோம்!

31. பிடியில் கட்டிய பழைய துணித்துண்டோ மரச்சீட்டோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஜப்பான் படைகளின் சரண் கையெழுத்தானது. ஜப்பான் அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் உத்தரவிட்டார். ஜப்பான் தளபதி தெராவுச்சியே நவம்பர் 30ல் சைகோனில் இரண்டு வாள்களைக் கொடுத்தார். அப்படிக் கொடுத்தவர்களில் பலர் பெயரும் ஊரும் எழுதிக் கட்டிவிட்டார்கள். அந்தச் சீட்டை வைத்து வாள் திரும்பப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் ஜப்பானில் உண்டு.

32. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், ஒரு போட்டோ இருந்தால் நகல் எடுத்து வாளோடு ஒரே உறையில் வையுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்த்திச் செல்போனில் பேச வையுங்கள். எந்த ஊரில், யாரிடமிருந்து, எப்படிக் கிடைத்தது என்று. எங்க தாத்தாவிடம் நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் எங்க நோட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது.