வேதனையில் துதிப்பது பாசாங்கா?

கேள்வி: கணவருக்கு வேலை போய் மாதக்கணக்காகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் குறைதான் வாயில் வருகிறது. இந்த நிலையில் ஸ்தோத்திரம் சொன்னால் பாசாங்கு ஆகாதா?

பதில்: ஆகாது, சகோதரி. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பிலிப்பியில் பவுலும் சீலாவும் விசாரணையே இல்லாமல் அடிபட்டுச் சிறையில் கிடந்தார்கள். காயங்களை யாரும் கழுவவில்லை, கால்கள் தொழுமரத்தில். அந்த நிலையில்தான் நடுராத்திரியில் ஜெபித்துத் துதித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமியதிர்ச்சி வந்ததும் கதவுகள் திறந்ததும் அதற்குப் பிறகுதான்.

விடிந்ததும் அதிகாரிகள் அவர்களை ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் விடவில்லை. ரோமக் குடிமக்களான தங்களை அடித்த அநியாயத்தைச் சொல்லி, அந்த அதிகாரிகளையே நேரில் வரவைத்தார். ஆகவே, துதிக்கிறவர் அநியாயத்தைப் பேசக் கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தாவீதும் 13-ஆம் சங்கீதத்தில் தன் வேதனையைக் கர்த்தரிடமே கொட்டுகிறார். கடைசி வசனத்தில் பாடுகிறார். ஆனால் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கர்த்தரிடம் சொல்லாமல், கூடாரங்களில் தங்களுக்குள் முறுமுறுத்தார்கள். அதுதான் கூடாது.

அழுகை வந்தால் கர்த்தரிடமே அழுங்கள். இன்றிரவு குடும்ப ஜெபத்தை, பிள்ளைகள் கேட்க, இன்று கிடைத்த ஒரே ஒரு நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குங்கள்.