காசில்லாமல் ஃபிசிக்ஸ் படிக்க அக்கா சொல்வதைக் கேளு

நம் அரியலூர்ப் பக்கம் செந்துறையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ ஃபிசிக்ஸ் கோச்சிங்குக்காகத் தினமும் திருச்சிக்குப் போய்வர முடியாது. வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் உன் கைக்கு வரும். கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத் தேடித் தேடியே தொலைக்காதே. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ஃபிசிக்ஸுக்கு நெட்டில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. கொட்டிக் கிடப்பதுதான் தொல்லையே. பிடிஎஃப்பாக இறக்கிக் குவித்துவிட்டு ஒன்றைக்கூடத் திறக்காத பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

1. முதலில் பாடப்புத்தகம், அப்புறம்தான் போன். புத்தகம் தொலைந்துவிட்டதா? தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் பிடிஎஃப்பாக இருக்கின்றன, காசு கிடையாது. வேறு எங்கேயும் தேடாதே. பாடத்தின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வருகிறதே, பரீட்சைக்கு வராது என்று புரட்டிவிடுகிறாய் இல்லையா? அந்தப் பாடத்துக்கு எந்த இணைய விளையாட்டு பொருந்தும் என்று புத்தகம் எழுதியவர்களே தேடிக் கொடுத்திருக்கிறார்கள். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

2. வீடியோவுக்கு மணற்கேணி. பள்ளிக்கல்வித்துறை 2023-இல் கொண்டுவந்த செயலி. நம் பாடத்திட்டப்படியே சின்னச் சின்ன வீடியோக்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. 2019 முதல் ஓடும் கல்வி தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கும். மற்ற சேனல்களைப் பார்ப்பதானால் ஒன்றைக் கவனி. ப்ளஸ் ஒன்னுக்கு 2018-19-லும், ப்ளஸ் டூவுக்கு 2019-20-லும் பாடப்புத்தகம் மாறியது. அதற்கு முந்தைய வீடியோக்கள் இன்னமும் தேடலில் மேலே வந்து நிற்கின்றன. பாடத்தின் தலைப்பு ஒன்றாக இருக்கும், உள்ளே கேட்பது வேறாக இருக்கும். வீடியோ போட்ட தேதியைப் பார்க்காமல் தொடாதே.

3. மின்சுற்றுக்கு ஃபெட் (PhET) என்ற இணைய விளையாட்டுத் தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துவது. நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். செயலி வேண்டாம், போன் பிரவுசரிலேயே ஓடும், சிலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். வீட்ஸ்டன் சமனச்சுற்றை மனப்பாடம் பண்ணுகிறாயே, அதை ஃபெட்டில் கட்டு. P, Q, R, S மின்தடைகள் முறையே 10, 20, 30, 60 ஓம். நடுவில் அம்மீட்டர் வை. சுழி காட்டும். 60-ஐ 50 ஆக்கு, மின்னோட்டம் ஓட ஆரம்பிக்கும். P/Q = R/S இனி ஏன் மறக்கப்போகிறது?

4. டாப்ளர் விளைவுக்கு அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் போதும். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ப்ளஸ் ஒன்னில் 'அலைகள்' என்றாலே எல்லோரும் பயப்படுகிறீர்கள். நம் ஊர் திருச்சி - விழுப்புரம் கார்டு லைனில் இருக்கிறது. நிற்காமல் போகும் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கும்போது சத்தத்தின் சுருதி சட்டென்று இறங்குவதை நீ எத்தனையோ தடவை கேட்டிருப்பாய். அதைக் கணக்காகப் போடு. ரயில் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொள். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், ஹாரன் 400 ஹெர்ட்ஸ். ரயில் வரும்போது 400-ஐ 340-ஆல் பெருக்கி 310-ஆல் வகு: கிட்டத்தட்ட 439 ஹெர்ட்ஸ். போகும்போது 370-ஆல் வகு: 368. உன் காதுக்குக் கேட்ட வித்தியாசம் அதுதான். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலியின் அதிர்வெண்ணை அளக்கலாம், முயன்று பார். பிளாட்பாரத்தில் தள்ளி நின்று அள. தண்டவாளத்துப் பக்கம் போனாய் என்று தெரிந்தால் அப்புறம் அக்கா பேசமாட்டேன்.

5. பிராக்டிகலுக்கு ஓலேப்ஸ் என்ற தளம். அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஸ்க்ரூ கேஜ், வெர்னியர், ஓம் விதி எல்லாம் திரையிலேயே செய்து பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும், பரவாயில்லை. லேபுக்குப் போவதற்கு முந்தைய நாள் ஒருமுறை செய்துவிட்டுப் போ. பிராக்டிகலுக்கு 20 மதிப்பெண், அதை யாராவது விடுவார்களா?

6. நீட் எழுதுகிறாயா? ஃபிசிக்ஸில் 45 கேள்வி, 180 மதிப்பெண், ப்ளஸ் ஒன் பாடமும் சேர்த்துத்தான். ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லையென்று புத்தகத்தைப் பரணில் போட்டால் இங்கே மாட்டுவாய். என்சிஇஆர்டி புத்தகமும் எக்ஸம்ப்ளர் கணக்குகளும் அவர்கள் தளத்திலேயே இலவசம். ஐஐடி கான்பூர் நடத்தும் சாத்தி தளத்திலும் காசில்லாமல் படிக்கலாம். தமிழ்வழிப் பிள்ளைகள் நம் புத்தகத்தின் பின்னாலுள்ள கலைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள், நேரம் மிச்சம்.

7. தொடவே கூடாதவை:
- "ஒரே இரவில் முழு ஃபிசிக்ஸ்" வீடியோ. தூக்கமும் போகும், பாடமும் போகும்.
- "ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி அப்பாவின் யுபிஐ கேட்கும் ஆப். எட்டாம் நாள் பணம் தானாகப் போய்விடும்.
- போன் நம்பர் கொடுத்தால்தான் நோட்ஸ் என்பவர்கள். கொடுத்தபிறகு கோர்ஸ் விற்க அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.
- டெலிகிராமில் சுற்றும் "லீக்கான வினாத்தாள்". அதில் ஒரு நிமிஷம்கூடப் போகக்கூடாது.
- ஏஐ-யிடம் கேட்டு அப்படியே காப்பி அடிப்பது. விளக்கம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் எண்ணும் அலகும் சரியா என்று நீயே போட்டுப் பார், அது தைரியமாகத் தப்பு சொல்லும்.

8. டேட்டா. அன்றைய கணக்கில் மிச்சம் இருப்பதைப் படுக்கும் முன் பயன்படுத்தி, மறுநாளுக்கான இரண்டே இரண்டு வீடியோவை இறக்கி வை. மறுநாள் நெட்டை அணைத்துவிட்டுப் பார். வாட்ஸ்அப் கூப்பிடாது. பேனாவும் நோட்டும் இல்லாமல் பார்த்தால் அது படம் பார்ப்பதுதான், படிப்பது இல்லை.

9. பழைய வினாத்தாள்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்திலிருந்தே எடு. ப்ளஸ் டூவில் எழுத்துத் தேர்வு 70-க்கு: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. மூன்று மணி நேரம் வைத்து, போனை வேறு அறையில் போட்டுவிட்டு எழுது. வீடியோ பார்த்தபோது புரிந்த மாதிரி இருந்ததில் எதெல்லாம் புரியவில்லை என்று அப்போது தெரியும்.

10. அப்படித் தெரிந்ததைப் பக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுது. "ஃபிசிக்ஸே புரியல சார்" என்று போய் நின்றால் எந்த வாத்தியாரும் என்ன செய்வார்? "இந்தப் பக்கத்தில் மூன்றாவது வரியில் இந்தக் கழித்தல் குறி எப்படி வந்தது சார்?" என்று கேள். இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் சொல்லிக் கொடுத்துவிடுவார்.