சோளக்காட்டுக்கு ட்ரோன் கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு

தாடிக்கொம்பைச் சுற்றிய மானாவாரிச் செம்மண்ணில் புதுச் சோள ரகம் தேடக் கிளம்பியிருக்கிறீர்கள். சோளக்காட்டிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. கருவி ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மரபணுவைப் படிப்பது மலிவாகிவிட்டது. ஆயிரம் வரிசைச் செடிகளை வயலில் அளப்பதுதான் இன்னும் இழுபறி. அதற்குத்தான் இந்தக் கருவிகள். டெல்லி பூசா வளாகத்தில் 2017 அக்டோபரில் திறந்த நானாஜி தேஷ்முக் தாவரப் பீனோமிக்ஸ் (செடியின் புறப்பண்புகளை அளக்கும்) மையத்தில் தொட்டிச்செடிகள் நகர்ந்து கேமரா முன் போகும். ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில், இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் லீசிஸ்கேன் கருவியில் செடி அசையாது. லேசர் ஸ்கேனர் தலைக்கு மேல் நகர்ந்து இலைப்பரப்பை அளக்கும். வாய்த்தால் இரண்டையும் போய்ப் பாருங்கள்.

2. கேள்வியை முடிவு செய்யாமல் படம் எடுக்காதீர்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வெப்பக் கேமராவில் இலை குளிர்ச்சியாகத் தெரிந்தால் நல்ல ரகம் என்று பாடம் படித்திருப்பீர்கள். மெக்சிகோவில் சிம்மிட் நிறுவனத்தார் பாசனக் கோதுமையில் அப்படித்தான் தேர்ந்தார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் அது சரி. நம் சோளமோ புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து, மழை நின்ற பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் மணி பிடிக்க வேண்டியது. கம்பில் 2010-ல் வெளிவந்த இக்ரிசாட் ஆய்வு ஒன்று, கடைசிக்கட்ட வறட்சியைத் தாங்கும் வரிசைகள் காற்று காய்ந்திருக்கும்போது நீரை அடக்கி விடுகின்றன என்று காட்டியது. அடக்கும் செடியின் இலை சுடும். ஆகவே நடுப்பருவத்தில் கேமரா சிவப்பாகக் காட்டும் செடி, தை மாதத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கிற செடியாகவும் இருக்கலாம். வேர் ஓடாமல் தவிக்கிற செடியாகவும் இருக்கலாம். பூக்கும் முன் ஒருமுறை, மணி முற்றும்போது ஒருமுறை எடுத்து, மண் ஈரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

3. ஒவ்வொரு தொகுதியிலும் உள்ளூர் ரகத்தை ஒப்பீட்டுக்கு விதையுங்கள். வரப்போரமும் பள்ளமும் ஒரே மண் ஆகாது.

4. பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், வெயில் சீராக இருக்கும்போது பறக்க விடுங்கள். மேகம் பாதி வெயில் பாதியாக வந்த படங்களைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். பறக்கும் முன்னும் பின்னும் சாம்பல் நிற அளவுப் பலகையைப் படமெடுங்கள். ஆடிக் காற்றில் சோதனை ஓட்டம் விட்டு மனம் நோக வேண்டாம்; இலை ஆடினால் படங்களை ஒட்டவே முடியாது.

5. கையால் அளப்பதை விடாதீர்கள். சில பாத்திகளையாவது அறுத்து, உலர்த்தி, எடை போட்டு, படம் சொன்ன கணக்கோடு ஒத்துப் பாருங்கள். இலைகள் தரையை மூடிய பிறகு, படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு எல்லா வரிசைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிற்கும். குருத்து ஈ தின்ற பாத்தியும் உரம் போதாத பாத்தியும் மேலிருந்து பார்த்தால் ஒரே வெளிறல்தான். இறங்கிப் போய் நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் ஈயின் வேலை.

6. ஒரே வரிசை மூன்று பாத்தியில் மூன்று விதமாக எண் தந்தால், அந்த எண் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் அதை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள்.

7. கதிர் எடையோடு நிறுத்தாதீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு மாடு உண்டு. தட்டை உயரம், இலை பச்சையாக நிற்கும் நாட்கள், காய்ந்த தட்டையின் எடை எல்லாம் கணக்கில் சேர வேண்டும். தட்டை குறைந்த ரகத்தை எத்தனை அழகான வரைபடம் காட்டிக் கொடுத்தாலும் மறு பட்டத்தில் யாரும் விதைக்க மாட்டார்கள்.