அலறியவர் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

இரவு பகலாக ஒலி சேர்த்த படத்தில் உன் பெயர் இடம்பெறவில்லையே என்று வருந்தி எழுதியிருக்கிறாய். அந்த வருத்தம் நியாயமானதே. ஆயினும், நீ எடுத்தாளும் ஒலிகளுக்கு உரியவர்களின் பெயர்களை நீ எவ்வளவு தூரம் காப்பாற்றி வைத்திருக்கிறாய் என்பதையும் உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1951-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' படத்தில், சதுப்புநிலத்தைக் கடக்கும் சிப்பாய் ஒருவனை முதலை கவ்வி இழுக்கும் கட்டத்திற்காக, ஒருவர் மைக்கின் முன் நின்று அலறினார். கம்பெனியின் ஒலிச் சேமிப்பிற் புகுந்த அவ்வலறல், 1953-ல் 'தி சார்ஜ் அட் ஃபெதர் ரிவர்' படத்தில், அம்பு தைத்த வில்ஹெல்ம் என்ற சிப்பாயின் வாயிலிருந்து வெளிப்பட்டது. பின்னர் பென் பர்ட் என்னும் ஒலி நிபுணர் அதைத் தேடியெடுத்து, 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் சேர்த்ததோடு, கற்பனைச் சிப்பாயான அந்த வில்ஹெல்மின் பெயரையே அதற்குச் சூட்டினார். நூற்றுக்கணக்கான படங்களில் அது ஒலித்தும், மெய்யாகவே அலறியவர் இன்னாரென்பது வெகுகாலம் தெரியவில்லை. ஏனெனில், ஒலிச்சுருளின்மேல் முதலை கடித்த விவரம் இருந்ததேயன்றி, மனிதரின் பெயர் இல்லை. குரல் பதிய அழைக்கப்பட்டோரின் பழைய பட்டியல் ஒன்றைக் கண்டபிறகே, அவர் ஷெப் ஊலி என்ற நடிகராக இருக்கக்கூடும் என்று பர்ட் அநுமானித்தார். அந்த ஊலியோ, 'தி பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்' என்ற வேடிக்கைப் பாட்டைத் தாமே எழுதிப் பாடி, 1958-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றவர்!

அதே ஆண்டில் அதே முதலிடத்தை அடைந்த மற்றொரு பாட்டு, டாமி எட்வர்ட்ஸ் பாடிய 'இட்ஸ் ஆல் இன் த கேம்'. அதன் மெட்டை அமைத்தவர் சங்கீத வித்வான் அல்லர்; 1925 முதல் 1929 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவரும், நோபல் சமாதானப் பரிசு பெற்றவருமான சார்ல்ஸ் டாஸ் என்ற பாங்கர். அவருடைய மெட்டு 1912-ல் அச்சேறியது. வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் அதை வாசித்துப் பிரசித்தமாக்கினார். டாஸ் காலமான 1951-லேயே கார்ல் சிக்மன் அதற்குச் சாகித்தியம் எழுதினார். இத்தனை கைகள் மாறியும் கர்த்தாவின் பெயர் அழியாததற்குக் காரணம், அவர் வகித்த பதவி மட்டுமன்று. ஸ்வரத்தாளில் அச்சான பெயர் மெட்டோடு கூடவே சென்றதுமாகும்.

ஆகையால் தம்பி, மழையோசையானாலும் மிமிக்ரிக் கலைஞரின் கனைப்பானாலும், எதைப் பதிவு செய்தாலும் குரல் யாருடையது, இடம் எது, நாள் எது என்பவற்றை அந்தக் கோப்பிலேயே எழுதிவை. பட முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் அவர்களையும் சேர்க்கும்படி தயாரிப்பாளரிடம் வாதாடு. பிறருக்காக அப்படி வாதாடிப் பழகியவனுக்கே தன் பெயரைக் கேட்டுப் பெறும் தைரியமும் தகுதியும் உண்டாகும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்