நான்கு பேர், ஒரு கிணற்றடி

கேள்வி: ‘பஞ்சதந்திரம்’ போல, நண்பர்கள் குடித்துக் கும்மாளமடித்து மாட்டிக்கொள்ளும் படம் எங்கள் ஊர் வங்காள மொழியில் உண்டா?
– வாசகர், கிடர்பூர், கொல்கத்தா

பதில்: உண்டு. அதுவும் 32 வருடம் முந்தியே! சத்யஜித் ராய் 1970-ல் எடுத்த ‘அரண்யேர் தின் ராத்ரி’. சுனில் கங்கோபாத்யாயின் நாவல். கொல்கத்தாவிலிருந்து நான்கு வாலிபர்கள் பலாமு காட்டுக்குக் காரில் போகிறார்கள். காவல்காரருக்குக் காசு கொடுத்து, அனுமதியில்லாமல் வன பங்களாவில் தங்குகிறார்கள். குடித்துவிட்டு இருட்டில் நடுரோட்டில் ஆடுகிறார்கள்.

கிணற்றடிக் காட்சி ஒன்று போதும். அரைகுறை உடையில், சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே அறிமுகமான பெண்கள் காரில் வந்து நிற்கிறார்கள். நால்வரில் ஒருவராக வரும் சௌமித்ர சாட்டர்ஜி கூனிக்குறுகி ஒளிகிறார். இன்னொருவரான ரபி கோஷோ துளியும் கூசாமல் போய்ப் பேசுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

‘பஞ்சதந்திர’த்தில் கிரேஸி மோகனின் வசனம் நம்மை மூச்சுவிட விடாது. ராய் நிதானமாகச் சிரிக்க வைத்து, அந்தக் காவல்காரரின் மனைவி நோயில் கிடப்பதையும் காட்டுகிறார். இவர்கள் கும்மாளத்தால் அவர் வேலையே போகலாம். அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

புதுப்பித்த பிரதி 2025-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. உங்கள் ஊரில் எங்காவது போட்டால், நண்பர்களோடு போய்ப் பாருங்கள்.